லண்டனிலிருந்து ஒரே ஒரு புத்தகம்: ரூல்புக்கை அச்சில் வாங்குவதா, பிடிஎஃப் போதுமா?

1 · ஆறாம்பகடை (வெள்ளவத்தை)

வணக்கம். ஒரு வாரமாக இந்தக் கேள்வியோடுதான் படுத்து எழும்புகிறேன்.

லண்டனிலிருந்து பெரியம்மாவின் மகள் இந்த மாதக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்பு வருகிறார். பெட்டி முழுக்கச் சேலையும் சொக்லேட்டும். கெஞ்சிக் கேட்டதில், “ஒரு புத்தகம் கொண்டுவருவேன், செங்கல் மாதிரி இருந்தால் ஹீத்ரோவிலேயே விட்டுவிட்டு வருவேன்” என்கிறார். இந்த வாய்ப்பை விட்டால் அடுத்த கல்யாணம் வரை காத்திருக்க வேண்டும்.

மேசையில் சின்னப் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களில் நான் ஆடுவது இரண்டு. எதிர்கால விண்வெளிப் போரான வோர்ஹேமர் 40கே-யில் டைரனிட்ஸ் என்ற வேற்றுக்கிரகப் படை. இரண்டாம் உலகப் போர் ஆட்டமான போல்ட் அக்ஷனில் பர்மாக் களத்துப் பிரித்தானியப் படை. இரண்டுக்கும் சொந்தமாக ரூல்புக் (விதிப் புத்தகம்) கிடையாது. 40கே-க்கு இலவசப் பிடிஎஃப். போல்ட் அக்ஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரே இருப்பவரின் புத்தகத்தைத் தலைகீழாக வாசிப்பது. அதில் இப்போது நல்ல தேர்ச்சி.

8 அங்குல டெப் ஒன்று இருக்கிறது, ஒரு மூலை வெடித்தது. டைரனிட்ஸ் கோடெக்ஸை (அந்தப் படைக்கான தனிப் புத்தகத்தை) எடுப்பிப்பதா, போல்ட் அக்ஷன் ரூல்புக்கை எடுப்பிப்பதா? அல்லது இரண்டையும் டிஜிட்டலில் வாங்கிக்கொண்டு, அக்காவிடம் நல்ல பிரஷ் நாலு கேட்பதா?

2 · ரெசின்_ராசா (தெஹிவளை)

மச்சான், இதெல்லாம் ஒரு கேள்வியா? பிரஷைக் கேள்.

40கே பத்தாம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. அடிப்படை விதிகள் சுமார் 60 பக்கம், கம்பனியே இலவசமாகத் தருகிறது. படைகளின் புள்ளிக் கணக்கும் (எந்த அணிக்கு எத்தனை புள்ளி என்பது) தனிப் பிடிஎஃப், அதுவும் இலவசம். அந்தப் புள்ளிகளை வருடத்தில் பல தடவை மாற்றுகிறார்கள். விதியிலும் கை வைக்கிறார்கள். அப்படியிருக்க, கெட்டி அட்டை போட்ட புத்தகத்துக்கு எதற்குக் காசு?

என்னிடமும் ஒரு கோடெக்ஸ் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குக் கொப்பி மாதிரி ஆகிவிட்டது. இந்த வரியை வெட்டி, அந்த எண்ணைத் திருத்தி, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, அந்த அம்புக்குறியையும் பிறகு வெட்டி... கடைசியில் என் கையெழுத்தை நானே நம்பாமல் போனில்தான் பார்த்தேன்.

அப்புறம் தேடுகிற வசதி. இரண்டு எழுத்து தட்டினால் அந்த இடத்தில் போய் நிற்கிறது. 100-ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஆர்மி லிஸ்ட் (எந்தெந்த அணியை இறக்குவது என்ற பட்டியல்) போட்டு முடித்துவிடுகிறேன். நீ அந்தப் புத்தகத்தைப் பஸ்ஸில் விரித்துக் காட்டு பார்ப்போம்.

3 · பழைய_பீரங்கி (பம்பலப்பிட்டி)

தம்பி ஆறாம்பகடை, தலைகீழாக வாசித்த அந்தப் புத்தகம் என்னுடையதுதான் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் திருப்பித் தந்திருப்பேனே.

ராசா சொல்வதில் பாதிக்கு நான் தலையாட்டுகிறேன். 40கே-யின் பதிப்புகள் 2017, 2020, 2023 என்று மூன்று வருடத்துக்கு ஒன்றாக வருகின்றன. அந்தக் கணக்கில் அடுத்தது எப்போதும் வாசலில்தான் நிற்கிறது. அந்த ஆட்டத்துக்கு இன்று புத்தகம் வாங்குவது, மீன் வாங்கிக்கொண்டு கண்டிக்கு நடந்து போகிற மாதிரி.

ஆனால் எல்லா ஆட்டமும் அப்படியல்ல. போல்ட் அக்ஷன் முதல் பதிப்பு 2012, இரண்டாவது 2016, மூன்றாவது 2024. இரண்டாவது பதிப்பு 8 வருடம் உழைத்தது. அந்த 8 வருடமும் அந்தப் புத்தகம் என்னோடு இருந்தது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசியை மறந்திருக்க மாட்டீர்கள். நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, போனுக்குச் சார்ஜ் இல்லை. வேறு என்ன செய்வது, நாங்கள் நாலு பேர் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடினோம். இரண்டு மெழுகுதிரி, ஒரு ரீசார்ஜ் லாம்பு. லாம்பு ஏழரைக்கே மங்கிவிட்டது. எதிரே இருந்தவரின் அணி ஒன்றில் நாலு பின் மார்க்கர் (சூடு பட்டுப் பயந்திருப்பதைக் காட்டும் அடையாளம்) ஏறி, கட்டளைக்கு அடங்குமா அடங்காதா என்று தொங்கிக்கொண்டிருக்கிறது. டைஸை உருட்டினார். மெழுகுதிரியைக் கிட்டே பிடித்துப் பார்த்தோம். இரண்டு ஆறு.

போல்ட் அக்ஷன் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், ஓடர் டெஸ்டில் (கட்டளைக்கு அடங்குகிறதா என்ற சோதனையில்) இரட்டை ஆறு விழுந்தால் என்ன கதி என்று. சொந்த ஆட்களையே சுடப் போகிறார்களா, பயந்து ஓடப் போகிறார்களா என்று தனி அட்டவணை பார்க்க வேண்டும். நான் புத்தகத்தைத் திறந்தேன். பக்க எண் ஞாபகமில்லை. கை தானாக அங்கே போய் நின்றது, ஏனென்றால் முன்பு ஒருநாள் இஞ்சித் தேத்தண்ணீர் கொட்டி அந்தப் பக்கங்கள் மட்டும் தடித்துப் போயிருந்தன. நாலு தலையும் ஒரே பக்கத்தின் மேல் குனிந்தன. சொட்டென்று மெழுகு விழுந்தது, அட்டவணையின் நடுவிலேயே.

அந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தேன். எண்ணெய் பட்ட மாதிரி ஒரு வட்டம் இன்னும் இருக்கிறது, பின்பக்க எழுத்து அதனூடாகத் தெரியும். மூன்றாம் பதிப்பு வந்து அந்தப் புத்தகத்தின் வேலை முடிந்துவிட்டது. இருந்தும் அதை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

4 · ரெசின்_ராசா (தெஹிவளை)

ஐயா, கதை நல்ல கதை. ஆனால் கரண்ட் இல்லாத வருடத்தை வைத்தா புத்தகம் வாங்குவது? இப்போது என்னிடம் இரண்டு பவர் பாங்க் இருக்கிறது. அதே வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதே, அந்த நேரம் லண்டனிலிருந்து ஒரு புத்தகம் எடுப்பித்திருந்தால் தெரிந்திருக்கும். பிடிஎஃப் துறைமுகத்தில் கிடந்து ஊறுவதில்லை.

5 · நானா77 (கொம்பனித்தெரு)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

ராசா தம்பி, பிடிஎஃப் எப்போதும் புதிது என்று நீங்கள் சொல்வதைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு. போன மாதம் நானும் இன்னொருவரும் 40கே ஆடினோம். மினிகளை (பொம்மைச் சிப்பாய்களை) அடுக்கி, டெரெய்ன் (வேலி, வீடு, குன்று) வைத்து, தேத்தண்ணீர் ஊற்றி, ஆரம்பிக்கப் போகும்போது அவர் என் லிஸ்டைப் பார்த்து, “நானா, நீங்கள் 10 புள்ளி கூடப் போட்டிருக்கிறீர்கள்” என்றார். நான் பார்த்தேன், இல்லை. அவர் பார்த்தார், இருக்கிறது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் பிடிஎஃப், இரண்டும் அசல் தளத்திலிருந்து இறக்கியது, அட்டைப்படமும் ஒன்று. ஒரே அணிக்கு அவருடையதில் 110, என்னுடையதில் 120. அவருடையது ஐந்து மாதம் பழையது. டவுன்லோட் ஃபோல்டரில் ஒரே பெயரில் மூன்று கோப்பு, பின்னால் அடைப்புக்குள் 1, 2 என்று எண். எது மூத்தது எது இளையது என்று யார் கண்டது?

தேத்தண்ணீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அச்சுப் புத்தகம் பழசு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதை முழுசாக நம்புவதில்லை. பிடிஎஃப் பழசாகியும் புதுசு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருக்கிறது. அதனால்தான் சண்டை. இப்போது நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: ஆட்டத்துக்கு முன்பு இரண்டு பேரும் முதல் பக்கத்தில் இருக்கும் திகதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கோடெக்ஸோடு ஒரு கோட் வரும், அதைப் போட்டால்தான் அந்தப் படையின் விவரங்கள் அப்பில் திறக்கும். நாட்டை விட்டுப் போகிற ஒருவரிடம் நான் செகண்ட் ஹாண்டில் ஒரு கோடெக்ஸ் வாங்கினேன். புத்தகம் புத்தம் புதிது. கோட் ஏற்கெனவே பாவித்து முடிந்தது. விலை பேசும்போது அதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. யார் பிழை என்று சொல்ல முடியாது, என் பிழைதான்.

6 · கொட்டாஞ்சேனை_அச்சு (கொட்டாஞ்சேனை)

அச்சகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அச்சா டிஜிட்டலா என்று அடிபடுகிறீர்களே, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: இலவசமாகத் தருகிற பிடிஎஃப்பை நீங்களே அச்சடிப்பது.

ராசா சொன்ன 60 பக்கக் கோப்பையே எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஒரு தாளில் 4 பக்கம். 60-ஐ நாலால் வகுத்தால் 15 தாள். மீதம் வராத கணக்கு, பார்க்கவே ஆசையாக இருக்கிறது. 80 ஜிஎஸ்எம் பேப்பரில் கறுப்பு வெள்ளையாக அடித்து, நடுவில் இரண்டு பின் அடித்தால் கையடக்கப் புத்தகம். மொத்தச் செலவு ஒரு சிக்கன் கொத்துக் காசைத் தாண்டாது. புதுப் பதிப்பு வந்தால் வருத்தப்படாமல் தூக்கி எறியலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏ4 பக்கத்தை ஏ5-க்குச் சுருக்கினால் எழுத்தும் நூற்றுக்கு 71 ஆகச் சுருங்கும். 9 பொயிண்ட் எழுத்து 6.4 பொயிண்டுக்கு வந்துவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளை வாசித்திருக்கிறீர்களா? அதுதான். நாற்பது வயது தாண்டியவர்கள் ஏ4-ஆகவே அடித்து, ஸ்பைரல் பைண்டிங் போடுங்கள். மேசையில் மட்டமாக விரிந்து கிடக்கும், டைஸ் உருட்டும்போது தானாக மூடிக்கொள்ளாது.

பின்புலம் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் படம் போட்ட பிடிஎஃப்களைக் கொண்டுவராதீர்கள். மை குடிக்கும், தாள் நனைந்த அப்பளம் மாதிரி நெளியும். சில கம்பனிகள் பின்புலம் இல்லாத கோப்பும் சேர்த்துத் தருகின்றன. அதைத் தேடி எடுங்கள்.

கம்பனிக் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்குவதானால், முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் கட்டுக் கட்டாக மடித்துத் தைத்திருந்தால் பல வருடம் நிற்கும். ஒட்டுப் பசையில் மட்டும் நிற்கிற புத்தகத்தை ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் அழுத்தி விரித்தால், நடுவில் வெடித்துத் தாள் கழரும். நம்மூர் வெக்கையில் பசை இளகுவது தனிக்கதை.

பீரங்கி ஐயா, 2022-ல் உங்களுக்குக் கரண்ட் இல்லை, எங்களுக்குப் பேப்பர் இல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளின் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், வினாத்தாள் அடிக்கத் தாள் இல்லாமல். அச்சு எப்போதும் கையில் இருக்கும் என்று அன்றைக்கு எங்களிடம் வந்து சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

7 · ஆறாம்பகடை (வெள்ளவத்தை)

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. 60 பக்கக் கோப்பைக் கட்டாயம் கொண்டுவருகிறேன்.

அப்படியென்றால் போல்ட் அக்ஷன் ரூல்புக்கையும் யாரிடமாவது பிடிஎஃப்பாக வாங்கி இப்படியே அடித்துவிடலாமா? ஒரு டெலிகிராம் குழுவில் கிடக்கிறது என்று ஒருவர் சொன்னார்...

8 · மேற்பார்வை

திருட்டுப் பிடிஎஃப் பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். இணைப்பு போட்டால் நீக்கப்படும்.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க அது இடம் தந்தாலும், முழுப் புத்தகத்தையும் போட்டோகொப்பி அடிப்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. கம்பனி இலவசமாகத் தருவதை அடிப்பது வேறு, விற்பதை அடிப்பது வேறு. காசு கொடுத்து வாங்கும் பிடிஎஃப்களில் சில தளங்கள் வாங்கியவரின் பெயரையும் ஓடர் எண்ணையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதித்துத்தான் தருகின்றன. பகிர்கிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

9 · நானா77 (கொம்பனித்தெரு)

ஆட்டத்தையே மாற்றிப் பார்க்கலாமே. இன்ஃபினிட்டி என்று ஸ்பெயின் கம்பனி ஒன்றின் ஆட்டம். விதி முழுவதும் இலவசம், படை லிஸ்ட் போடும் கருவியும் இலவசம். மினிகளுக்கு மட்டும்தான் காசு. வன் பேஜ் ரூல்ஸும் அப்படித்தான், அடிப்படை விதி பெயருக்கு ஏற்ற மாதிரி சுருக்கம், கையில் இருக்கும் எந்த மினியையும் இறக்கலாம். ராசா 3டி பிரிண்டரில் அடிக்கிற ரெசின் பூதங்களுக்கு அதுதான் தோது.

10 · மலைநாட்டான் (ஹட்டன், இப்போது மருதானை)

தாமதமாக வந்தாலும் சொல்கிறேன். ஒருவரும் மொழியைப் பற்றிப் பேசவில்லையே.

நான் ஊருக்குப் போனால் தம்பி, மச்சான்மார் என்று ஐந்து பையன்கள் சுற்றி உட்காருவார்கள். ஆட ஆசை. ஆனால் இங்கிலிஷில் பத்திப் பத்தியாக இருக்கும் விதியை அவர்களால் வாசிக்க முடியாது. பிடிஎஃப் என்றால் அதிலிருந்து பத்தியைப் பிரதி எடுத்து மொழிபெயர்ப்பு அப்பில் போடலாம், அச்சுப் புத்தகத்தில் அது முடியாது என்று நினைத்து, ஒருநாள் இரவு முழுக்க அந்த வேலை செய்தேன். வந்ததைக் கேளுங்கள். “ஒவ்வொரு குண்டூசிக்கும் ஒன்று கழித்து ஆணைப் பரீட்சை எழுத வேண்டும்.” பின் மார்க்கர் குண்டூசி ஆகிவிட்டது. எதிரியின் மேல் பாயும் இடத்தில் “கட்டணம் வசூலிக்கவும்” என்று வந்தது. மறைவில் நிற்கும் அணி “மேலுறைக்குள்” இருந்தது. பையன்கள் சிரித்துச் சிரித்து உருண்டார்கள், ஆட்டம் நடக்கவில்லை.

அப்புறம் 120 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி நானே எழுதினேன். முழு விதியும் இல்லை, ஒரு சுற்றில் என்னென்ன நடக்கும் என்பது மட்டும். டைஸ் டைஸாகவே இருக்கட்டும், யூனிட்டை அணி என்று போட்டேன், பின் மார்க்கருக்கு “பயக்காய்” என்று தம்பி பெயர் வைத்தான். “இவனுக்கு மூணு பயக்காய், ஓட மாட்டான்” என்று இப்போது அவர்களே பேசுகிறார்கள். எனக்கே விதி சரியாகப் புரிந்தது அதை எழுதும்போதுதான். வாசித்தபோது புரிந்த மாதிரி இருந்ததெல்லாம், எழுத உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு போனது.

அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் 1619-ல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த சண்டைக்கு லயன் ரம்பன்ட் என்ற இடைக்காலப் போர் ஆட்டத்தின் விதிகளை வைத்து ஒரு காட்சி எழுதி வைத்திருக்கிறேன். சங்கிலி மன்னன் பக்கம் ஆட இதுவரை இரண்டு பேர் முன்பதிவு. போர்த்துக்கீசர் பக்கத்துக்கு ஆள் இல்லை.

லயன் ரம்பன்ட் என்றதும் ஞாபகம் வந்தது: அதன் முதல் பதிப்பு, 2014-ல் வந்தது, மெல்லிய அட்டை, வெறும் 64 பக்கம். கல்யாணப் பெட்டியில் சேலைக்கு நடுவில் வைத்தால் யாருக்கும் தெரியாது. எல்லா ரூல்புக்கும் அந்தப் பருமனில் இருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

ஹட்டனில் புத்தகம் வைப்பதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பனிமூட்டம் அலுமாரிக்குள்ளேயே வரும். பூஞ்சணம் ஒரு பக்கம், இராமபாணம் ஒரு பக்கம். என் பழைய ரூல்புக்கில் பீரங்கிகளின் தூர அட்டவணையில் ஒரு வரியைப் பூச்சி சுத்தமாகத் தின்றுவிட்டது. அந்தப் பீரங்கி இப்போது எவ்வளவு தூரம் சுடும் என்பது பூச்சிக்குத்தான் வெளிச்சம்.

11 · கொட்டாஞ்சேனை_அச்சு (கொட்டாஞ்சேனை)

மலைநாட்டான், வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் என்றால் ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது, பிரித்தால் எழுத்து உரிந்து வரும். ஈரம் பட்டவுடனே பக்கத்துக்குப் பக்கம் டிஷ்யூ வைத்து, ஃபேன் காற்றில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அட்டை வில்லாக வளையும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆறாம்பகடைக்கும் இதுதான்.

பயக்காய் நல்ல சொல். எடுத்துக்கொள்கிறேன்.

12 · பழைய_பீரங்கி (பம்பலப்பிட்டி)

தம்பியின் கொப்பியைப் பற்றிப் படித்ததும் பழைய ஜெர்மானிய நாடான பிரஷ்யா ஞாபகம் வந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள், வயதானவன்.

ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய இராணுவ அதிகாரி 1824-ல் கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டின் விதிகளை அச்சிட்டார். வரைபடம், ஈயக் கட்டிகள், டைஸ், நடுவில் ஒரு நடுவர். இராணுவத்தில் அது பரவியது, கூடவே விதிகளும் அட்டவணைகளும் பெருகின. நடுவருக்குப் பக்கம் புரட்டுவதே வேலையாகிவிட்டது. கடைசியில் 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, அட்டவணையைத் தூக்கி வையுங்கள், அனுபவமுள்ள நடுவர் சொல்வதுதான் தீர்ப்பு என்று ஒரு ஆட்டமுறையைக் கொண்டுவந்தார். அச்சா டிஜிட்டலா என்று நாம் இன்று அடிபடுகிறோம், அந்த மனிதர் புத்தகமே வேண்டாம் என்றுவிட்டார்.

நம் ஆடுபுலி ஆட்டத்துக்கு மட்டும் ரூல்புக் இருந்ததா என்ன? தரையில் கோடு கிழித்த பாட்டிதான் ரூல்புக், எர்ராட்டா (பிழைதிருத்தம்) எல்லாம். அவர் தோற்கப் போகிற நேரத்தில்தான் புது எர்ராட்டா வரும்.

பழைய அச்சு வேண்டுமென்றால், எச். ஜி. வெல்ஸ் 1913-ல் எழுதிய லிட்டில் வோர்ஸ் குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. பொம்மைப் பீரங்கியால் தகரச் சிப்பாய்களை நிஜமாகவே அடித்து விழுத்துகிற ஆட்டம். நூறு வயது தாண்டிய அச்சுப் புத்தகத்தை நான் வாசித்தது போனில்தான். ராசா, இதை எனக்கு எதிராகப் பாவிக்க அனுமதி இல்லை.

13 · கொட்டாஞ்சேனை_அச்சு (கொட்டாஞ்சேனை)

அந்தப் புத்தகத்தின் முழுத் தலைப்பையும் ஐயா மறைத்துவிட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்காம். பெண்களில், பையன்களின் விளையாட்டை விரும்புகிற கொஞ்சம் கூடுதல் புத்திசாலிகளுக்கு மட்டும் அனுமதியாம். அச்சில் வந்ததையெல்லாம் பாதுகாக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

14 · ரெசின்_ராசா (தெஹிவளை)

பாவிக்கப் போகிறேன் ஐயா. ஸ்கிரீன்ஷொட் எடுத்தாயிற்று.

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நானா சொன்ன திகதிப் பிரச்சினை எனக்கும் நடந்திருக்கிறது, நான்தான் வெளியே சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எதிரே இருப்பவர் “அந்த விதியைக் காட்டுங்கள்” என்று கேட்டால் போனை நீட்ட வேண்டும். நீட்டும் நேரம் பார்த்து வீட்டிலிருந்து வட்ஸ்அப் வரும். போன வாரம் என் அம்மா அனுப்பிய “பாண் வாங்கி வா” என்ற செய்தியை எதிரணித் தளபதி சத்தமாக வாசித்தார். அதனால் ஒரு ஏ4 தாளில், என் படைக்குத் தேவையான எண்களை மட்டும் அடித்து, லமினேட் செய்து கொண்டுபோகிறேன். ஆட்டத்தில் பாதி நேரம் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் அது புத்தகம் இல்லை, தாள். புத்தகத்துக்கு நான் இன்னும் காசு கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

15 · நானா77 (கொம்பனித்தெரு)

தம்பி, பாண் வாங்கிக் கொடுத்தீர்களா?

16 · ரெசின்_ராசா (தெஹிவளை)

மறந்துவிட்டேன். அது வேறு போர்.

17 · ஆறாம்பகடை (வெள்ளவத்தை)

முடிவு எடுத்துவிட்டேன். இழையை இரண்டு தடவை வாசித்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. டைரனிட்ஸ் ஆடும்போது நான் தேடுவது பெரும்பாலும் எண்: எத்தனை புள்ளி, எத்தனை அங்குலம், எத்தனை டைஸ். எண் மாறிக்கொண்டே இருக்கிறது, அது போனில் இருக்கட்டும். போல்ட் அக்ஷன் ஆடும்போது நான் தேடுவது வாக்கியம். இந்த அணி அந்த வேலிக்குப் பின்னால் நின்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் ஒரே வரியைப் பார்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு டெப் சரிவரவில்லை, உடைந்த மூலை எப்போதும் என் பக்கம்தான் வருகிறது. ஆகவே போல்ட் அக்ஷன் மூன்றாம் பதிப்பு, அச்சில். கோடெக்ஸை அடுத்த பதிப்பு வந்த பிறகு யோசிப்பேன்.

லண்டன் அக்காவிடம் சொன்னேன். புத்தகத்தைத் தானே வாங்கி, சமையலறைத் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரு வரி: “செங்கல்தான்.” கொண்டுவருவதற்குக் கூலி, திரும்பிப் போகும்போது அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ. பேரம் பேசவில்லை.

பீரங்கி ஐயா, இனி நீங்கள் என் புத்தகத்தைத் தலைகீழாக வாசிக்கலாம்.

அச்சக அக்கா, அந்த 60 பக்கத்தைத் திங்கட்கிழமை யூஎஸ்பியில் கொண்டுவரட்டுமா? கோப்பை நேற்றுத்தான் இறக்கினேன், முதல் பக்கத் திகதியும் பார்த்தேன்.

18 · கொட்டாஞ்சேனை_அச்சு (கொட்டாஞ்சேனை)

கொண்டுவாருங்கள் தம்பி, ஆனால் பத்து மணிக்கு முன்பு. அதற்குப் பிறகு கல்யாணக் கார்ட் வேலை ஏறிவிடும். ஏ5-ஆ, ஏ4-ஆ? கடைசிவரை சொல்லவே இல்லையே.

19 · ஆறாம்பகடை (வெள்ளவத்தை)

ஏ4. ஸ்பைரல். பீரங்கி ஐயாவும் வாசிக்க வேண்டுமே.